பிள்ளைத் துடிப்பும் சட்டமும்

“மிஸ்ஸி, துடிக்கத் தொடங்கினாத்தானே அது பிள்ளை? அதுக்கு முன்னம் கலைச்சா குற்றமில்லத்தானே?”

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி ஒரு தாய் கேட்டார். அவருக்கு அது நாலாவது. குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போகும் நான் இதை எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். காத்தான்குடியில், 120 நாளில்தான் உயிர் ஊதப்படும் என்று சொன்ன உம்மாமார் உண்டு. கத்தோலிக்கத் தாய்மாருக்குக் கரு உண்டான கணமே உயிர். நான் இரண்டு பேரோடும் வாதாடுவதில்லை.

ஆனால் சட்டத்தைப் பிழையாக விளங்கியிருந்தால் சொல்லத்தான் வேண்டும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதைத் தவிர எந்தக் கருக்கலைப்பும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. பிள்ளை துடிக்கத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம். வன்புணர்வால் தங்கிய கருவுக்கும் விலக்கில்லை.

ஸ்கான் இல்லாத காலத்தில் எழுதிய சட்டம், தாய் வயிற்றுக்குள் உணர்வதை அளவுகோலாக வைத்துக்கொண்டது. தலைப்பிள்ளைக்காரி 18, 20 கிழமையில் துடிப்பை உணர்வாள். பிள்ளை பெற்றுப் பழகியவள் 16இலேயே உணர்வாள். நச்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் பிந்தும். அப்படியென்றால் ஒரே வயதுக் கருவுக்கு இரண்டு தண்டனையா? இது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்தப் பயத்தால் நடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுவிட்டு, மூன்று நாள் இரத்தப்போக்கை மறைத்த பிள்ளையொன்றை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். சீற்றில் விரித்த பழஞ்சேலை முழுக்க நனைந்திருந்தது. உதடு வெளிறிப்போன நிலையிலும் அவள் கேட்டது, “பொலிஸ் வருமா மிஸ்ஸி?”

தங்கச்சிமாரே, கரு எப்படிக் கலைந்திருந்தாலும் சிகிச்சை எடுப்பது குற்றமல்ல. மணிக்கொரு துணி நனைந்தால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு இரத்தம் போனால், தலை சுற்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மாத்திரை, எப்போது போட்டது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அன்று விறாந்தையில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். உயிர் எப்போது வரும் என்ற பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் வெள்ளத்தில் போன வேளாண்மை, அடகிலிருக்கும் தோடு, அப்புறம் கருத்தடைக்கு லூப் போட்டால் இடுப்பு போய்விடும் என்று மாமி சொன்ன கதை.