சீடிங்: விதையும் போலியும்

புதிதாக எழுதிய வலைச் செயலியின் தரவுத்தளம் காலியாக இருக்கும். பக்கம் பிரிகிறதா, தேடல் ஓடுகிறதா, நீண்ட பெயர் வந்தால் அட்டவணை கோணுகிறதா என்று பார்க்க ஐம்பது பயனர்களும் ஐந்நூறு ஆர்டர்களுமாவது வேண்டும். அவற்றைக் கையால் தட்டாமல் நிரலால் நிரப்புவதைத்தான் சீடிங் என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் சீட் (seed) என்பது பெயராகவும் வினையாகவும் வரும். தமிழில் 'விதை'யும் அப்படியே. எனவே 'தரவு விதைத்தல்' இயல்பாகப் பொருந்துகிறது. தொல்லை, நிரப்பும் நிரலை 'சீடர்' என்று எழுதும்போதுதான். லாராவெல் என்னும் பிஎச்பி கட்டமைப்பின் குறிப்பில் 'பயனர் சீடர்' என்று படித்தால் மடத்துப் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். உலாவி, செயலி வரிசையில் 'விதைப்பி' என்றால் போதும்.

ஆனால் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைச் செயலிக் கட்டமைப்பில் 2009இல் விதைக் கோப்பு வந்தது, செயலி தொடங்கவே தேவையான மாவட்டப் பட்டியல், பயனர் வகை போன்றவற்றுக்காக. இதுவே சரியான 'விதைத் தரவு'. உண்மைப் பயனர்கள் பயன்படுத்தும் நேரடிச் சேவையகத்திலும் இது இருக்க வேண்டும். சோதனைக்கென உருவாக்கும் பொய்ப் பயனர்கள் அங்கே போகவே கூடாது. இரண்டையும் ஒரே விதைப்பியில் போடுவது பரவலான தவறு. விதைத் தரவை 'இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்' என்ற முறையில் எழுதாவிட்டால், இரண்டாம் முறை ஓட்டும்போது மாவட்டங்கள் இரட்டிக்கும்.

இன்னொரு விதை, கணினி தற்செயல்போல உருவாக்கும் தற்போக்கு எண்களின் தொடக்க எண். இதை 'விதை எண்' எனலாம். 1234 என்று கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அதே பெயர்களே அதே வரிசையில் வரும். நேற்று விழுந்த சோதனையை இன்றும் விழவைத்துப் பிழை தேடலாம். நூலகத்தின் பதிப்பு மாறினால் இந்த உறுதி போய்விடும், பதிப்பையும் பூட்டி வையுங்கள்.

பெயர், முகவரி உருவாக்கும் நூலகத்தின் பெயர் ஃபேக்கர். பெர்ல் நிரல்மொழியில் தோன்றி ரூபி, பிஎச்பி, பைதான் என்று பரவியது. இதன் விளைவைப் 'போலித் தரவு' என்றால் மோசடி வாடை வீசுகிறது என்பார்கள். இலக்கணத்தில் போலி என்பது வேறு: பந்தல் பந்தராகும், பொருள் மாறாது. உண்மைப் பதிவின் இடத்தில் நின்று அதே வேலையைச் செய்வதுதானே இங்கும் நடக்கிறது? சொல் தகுதியானதே. அலுவலக ஆவணத்தில் மட்டும் 'சோதனைத் தரவு' என்று எழுதிவிடுவது நல்லது.

விதைக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் பயனர், பிறகு ஆர்டர், அதன்பின் ஆர்டரின் பொருள்கள். மாற்றினால், இன்னும் இல்லாத பதிவைச் சுட்டுவதால் அயல்சாவி (foreign key) பிழை வரும். ஃபேக்கரிடம் ஓரிலக்க எண்ணை, ஒருமுறை வந்தது மீண்டும் வராதபடி கேட்டால் பதினோராவது பதிவில் நின்றுவிடும். இருப்பதே பத்து இலக்கங்கள். பத்தாயிரம் பயனர்களுக்கும் தனித்தனியே கடவுச்சொல்லைக் குறியாக்கினால் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும், ஒருமுறை செய்து அதையே எல்லாருக்கும் வையுங்கள். பதிவுகளை ஒவ்வொன்றாகச் செருகாமல் ஐந்நூறு ஐந்நூறாகச் செருகுங்கள். உருவான நேரத்தைக் கடந்த ஓராண்டில் பரப்பாவிட்டால் எல்லாப் பதிவும் ஒரே நொடியில் பிறந்திருக்கும், தேதி வரிசை சோதிக்கப்படாமலே போகும். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள்.காம் போன்ற ஒதுக்கப்பட்ட முகவரியே பாதுகாப்பு. இல்லையேல் யாரோ ஒருவருக்கு உண்மையாகவே கடிதம் போகும்.

ஃபேக்கர் தானாகத் தருவது அமெரிக்கப் பெயர்கள். பைதான் ஃபேக்கரில் இந்தியத் தமிழுக்கான அமைப்பு உண்டு, அதைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். 'தமிழ்' கண்ணுக்கு மூன்றெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியெண்கள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் புலத்தின் நீளம் இயல்பாகவே பைட்டில் எண்ணப்படும். 50 என்று வைத்தால் 16 குறியெண்களோடு இடம் தீர்ந்துவிடும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய படிவமும் ஃபேக்கரிடம் சிக்காது, அது எப்போதும் ஒரு குடும்பப் பெயரைக் கொடுத்துவிடும். குடும்பப் பெயரே இல்லாத 'மு. செல்வி' என்று நான்கைந்து பதிவுகளைக் கையாலேயே சேர்க்க வேண்டும்.