மக்காச்சோள அடுப்பு: மூட்டுவது சுலபம், கிட்டம் எடுப்பதுதான் வேலை

அமெரிக்காவின் அயோவா, மின்னசோட்டா பக்கம் ஜனவரியில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். எரிவாயுக் குழாய் எட்டாத பண்ணை வீடுகள் அங்கே நிறைய. அவை வாசலில் நிற்கும் புரொப்பேன் தொட்டியை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அதே வீட்டுக்குப் பின்னால் பல டன் மக்காச்சோளம் களஞ்சியத்தில் கிடக்கும். அதை எரித்தால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா?

தோன்றியதில் தப்பில்லை. மரத்தூளை இயந்திரத்தில் அழுத்தி, சீரான உருளைகளாக வார்த்தால்தான் மரப் பெல்லட் என்ற அடுப்பு எரிபொருள் கிடைக்கும். மக்காச்சோளத்துக்கு அந்தச் செலவே கிடையாது. ஒவ்வொரு மணியும் ஏறக்குறைய ஒரே அளவு, கையில் எடுத்தால் உருண்டோடும், அடுப்புக்குத் தீனி தள்ளும் திருகுத்தண்டில் ஒழுங்காக நகரும். செடியே செய்து கொடுத்த பெல்லட் அது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். அங்கே மக்காச்சோளத்தை (இனிச் சுருக்கமாகச் சோளம்) புஷல் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு புஷல் 56 பவுண்டு, அதாவது 25.4 கிலோ. 15 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 16 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். நல்ல மரப் பெல்லட்டைவிடச் சற்றுக் குறைவு. ஒரு புஷலில் அடங்கிய வெப்பம் ஏறக்குறைய 16 லிட்டர் புரொப்பேனுக்குச் சமம். நாளொன்றுக்கு ஒரு புஷல் எரிந்தால், நூற்றுக்கு 80 பங்கு வீட்டுக்குள் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் 3.8 கிலோவாட் ஹீட்டர் ஓடுவதற்கு ஒப்பு. மிதமான குளிருக்கு அது போதும். கடுங்குளிரில் இரண்டு புஷல் வரை இழுக்கும்.

அடுப்பின் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். மேலே தானியத்தொட்டி. அதன் அடியில் மோட்டார் சுழற்றும் திருகுத்தண்டு, சாய்வாக மேல்நோக்கிப் போகிறது. உச்சியில் மணிகள் ஒரு சரிவுக் குழாய்க்குள் உதிர்ந்து எரிகிண்ணத்தில் விழுகின்றன. ஏற்றி விட்டு விழவைப்பதற்குக் காரணம் இருக்கிறது: எரியும் மணிக்கும் தொட்டியில் உள்ள மணிக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் தீ மணிக்கு மணி தாவி, திருகுத்தண்டு வழியே தொட்டிக்குள் ஏறிவிடும். தொட்டியின் மூடிக்கு ரப்பர் கேஸ்கட் போட்டு இறுக்கியிருப்பதும் இதற்காகத்தான். மூடி சரியாக அமராவிட்டால் தொட்டி வழியே காற்று இழுபட்டு, புகையும் தீயும் பின்னோக்கி வர வழி உண்டாகும். மூடியைத் திறந்துவைத்து அடுப்பை ஓட்டக் கூடாது.

மணிகள் விழும் வேகம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கிலோவில் சுமார் 3,000 மணிகள். மணிக்கு ஒரு கிலோ எரிந்தால், நொடிக்கு ஒரு மணிகூட விழாது. திருகுத்தண்டு சில நொடி சுற்றும், சில நொடி நிற்கும். தெர்மோஸ்டாட் வெப்பம் அதிகம் கேட்டால் சுற்றும் நேரம் கூடும், அவ்வளவுதான்.

ஊதிகள் இரண்டு. ஒன்று புகையை வெளியே உறிஞ்சித் தள்ளுகிறது. அந்த உறிஞ்சலால் எரியறைக்குள் காற்றழுத்தம் குறைய, எரிகிண்ணத்தின் துளைகள் வழியே புதுக்காற்று பீறிட்டு ஏறுகிறது. மற்றொன்று அறையின் காற்றை வெப்பப் பரிமாற்றிக் குழாய்களைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. இரண்டு காற்றும் எங்கும் கலக்காது. எரிவதற்கான காற்றை வீட்டுக்குள்ளிருந்து எடுக்காமல் சுவரில் துளையிட்டு வெளியிலிருந்தே எடுப்பது நல்லது. வீட்டுக்காற்றை எடுத்தால், வெளியே போன அளவுக்குக் குளிர்காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே நுழையும். சூடாக்கிய காசு புகையோடு போகும்.

சரி, அடுப்பில் விழும் மணி ஏன் பொரிவதில்லை? வயலில் விளைவது குழிவுச் சோளம். காய்ந்ததும் உச்சியில் குழி விழும் வகை. பாப்கார்ன் சோளத்தின் தோல் இறுக்கமானது. உள்ளே நீராவி அடைபட்டு, 180 டிகிரி வாக்கில் வெடித்து மலர்கிறது. குழிவுச் சோளத்தின் தோலால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது, ஆவி கசிந்துவிடும். ஆனால் வாசனை வரும். புகைக்குழாய்ப் பக்கம் நின்றால் லேசாகப் பொரிமணம் அடிக்கும்.

மணி முதலில் காய்கிறது. பிறகு மாவுச்சத்தும் எண்ணெயும் சிதைந்து வாயுவாகின்றன. கண்ணில் படும் சுடர் அந்த வாயு எரிவதுதான். மிஞ்சிய கரி கிண்ணத்தின் அடியில் கனன்று சாம்பலாகிறது. இதுவரை மரப் பெல்லட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. சாம்பலில்தான் கதையே மாறுகிறது.

மக்காச்சோளத்தில் சாம்பல் 1.3 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஒரு புஷல் எரித்தால் ஏறக்குறைய 300 கிராம். அளவைவிடக் குணம்தான் தொல்லை. விதை முளைக்கும்போது செலவழிப்பதற்காகச் செடி பாஸ்பரஸை ஃபைட்டிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்திருக்கும். எரிந்தபின் இவை பொட்டாசியம் பாஸ்பேட்டுகளாக மிஞ்சுகின்றன. கால்சியம் மிகுந்த மரச்சாம்பல் உருக 1,200 டிகிரிக்கு மேல் வேண்டியிருக்கும். சோளச்சாம்பலோ 700, 800 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். எரிகிண்ணத்தின் நடுவே சூடு அதைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆகவே சாம்பல் வெல்லப்பாகு போல இளகி, அடியில் பரவி, ஆறியதும் கல்லாக இறுகிவிடுகிறது. இந்தக் கிட்டத்தைத்தான் அங்கே கிளிங்கர் என்கிறார்கள்.

கிட்டம் காற்றுத்துளைகளை அடைக்கும். துளை அடைபட்டால் சுடர் மங்கும், கண்ணாடி கறுக்கும், எரியாத மணி குவியும், கடைசியில் கிண்ணம் நிரம்பித் தீ அணையும். சோள அடுப்பு அணைந்தது என்று புகார் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். இதனால்தான் சோளத்துக்கென்றே செய்த அடுப்பில் எரிகிண்ணத்துக்குள் மெல்லச் சுழலும் கிளறி ஒன்று இருக்கிறது. அது சாம்பலை ஒரே தட்டாக உறையவிடாமல் உடைத்துக்கொண்டே இருக்கும். கிளறி இல்லாத சாதாரண பெல்லட் அடுப்பில் தனிச்சோளத்தைக் கொட்டினால் ஒரு நாள்கூடத் தாங்காது. கையேடு அனுமதித்தால் மரப் பெல்லட்டோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டலாம்.

இன்னொரு வழி சிப்பித்தூள். கோழிகளுக்கு முட்டை ஓடு உறுதிப்படப் போடுகிறார்களே, அதே நொறுக்கிய சிப்பி, அதே தீவனக்கடையில் கிடைக்கும். ஒரு மூட்டைச் சோளத்துக்கு ஒரு கைப்பிடி போதும். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். சூட்டில் சுண்ணாம்பாக மாறி பாஸ்பேட்டோடு சேர்ந்துகொள்ளும்; அப்படி உண்டாகும் சேர்மங்கள் அவ்வளவு எளிதில் உருகாது. கிட்டம் வரத்தான் செய்யும், ஆனால் கல்லாக இறுகாமல் குச்சியால் தட்டினால் உதிரும் பதத்தில் வரும். அள்ளிப் போட்டால் சாம்பல்தான் கூடும்.

கிட்டம் எடுப்பதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. தீனியை நிறுத்தி, சுடர் தணியும்வரை சில நிமிடம் விடவேண்டும். கங்கு முழுதும் அணைந்துவிடக் கூடாது. கொக்கிக் கம்பியைக் கிண்ணத்தின் ஓரமாக விட்டு நெம்பினால், கிட்டம் வட்டத் தகடாகக் கிளம்பும். இடுக்கியால் தூக்கி, கையோடு உலோக வாளியில் போட்டு மூடி, வாளியை வெளியே தரைமீது வைக்க வேண்டும். வெளியே கறுத்துவிட்டாலும் உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். கிண்ணத்தில் மிஞ்சிய கங்கின் மேலேயே தீனியைத் தொடர்ந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறை, சில அடுப்புகளில் இரண்டு முறை.

முதலில் மூட்டும்போது சோளம் லேசில் பற்றாது. ஓரிரு கை மரப் பெல்லட்டைக் கிண்ணத்தில் போட்டு, தீமூட்டும் ஜெல் தடவிப் பற்றவைத்து, ஐந்து நிமிடம் நன்றாக எரிந்தபின் சோளத்தை விட வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. சூடான கிண்ணத்தில் ஜெல்லும் கூடாது. ஆவியாகி எழும்பி ஒரேயடியாகப் பற்றும்.

சோளத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கவனம் ஈரம். களஞ்சியத்தில் 15 சதவீதம் இருந்தால் கெடாது என்பார்கள். அடுப்புக்கு 11 முதல் 13 இருந்தால்தான் நிம்மதி. ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க 2.6 மெகாஜூல் வீணாகும். அதைவிட மோசம், ஈரச்சோளம் தொட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம்போல் நிற்கும். திருகுத்தண்டு வெறுமனே சுற்றும். ஈரமானியைக் கடைக்காரர் வைத்திருப்பார், அளந்து காட்டச் சொல்லுங்கள். அடுத்தது தூசி. தோல், உமி, உடைந்த மணி, கதிரின் கட்டைத்துண்டு எல்லாவற்றையும் சல்லடையில் ஓட்டிப் போக்க வேண்டும். திருகுத்தண்டு சிக்கினால் பெரும்பாலும் கட்டைத்துண்டோ சிறு கல்லோதான். விதைச்சோளத்தை எரிக்கவே கூடாது. அதன்மேல் பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி பூசியிருக்கும். சேமிப்பதற்கு மூடியுள்ள உலோகப் பீப்பாய்தான் சரி. காகித மூட்டையில் வைத்தால் எலிக்கு விருந்து.

சுடரைப் பார்த்தே காற்றைத் திருத்தலாம். உயரமாக, சோம்பலாக ஆடி, நுனி கறுத்திருந்தால் காற்று போதவில்லை. குட்டையாக, வெள்ளையாகச் சீறி, கங்கு கிண்ணத்தைவிட்டுத் தெறித்தால் காற்று அதிகம். மஞ்சளாய், உயிரோட்டமாய் நிற்பதே சரியான நிலை.

புகைக்குழாயில் சிக்கனம் பார்ப்பவர் அதிகம், அது தவறு. சோளத்தில் 9 சதவீதம் வரை புரதம். அதிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகும். குழாயின் குளிர்ந்த பகுதியில் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மரப் பெல்லட்டுக்குப் போதுமான குழாயைச் சோளப்புகை ஓட்டையாக்கிவிடலாம். அரிப்பைத் தாங்கும் என்று சோளத்துக்கே சான்றளித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைப் போடவேண்டும்.

மின்சாரம் போனால் எல்லாமே நின்றுவிடும். கிண்ணத்தில் இருப்பது சிறிதளவு எரிபொருள்தான், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். ஆனால் உறிஞ்சும் ஊதி இல்லாமல் அந்தப் புகை அறைக்குள் கசியலாம். குழாயைச் சுவரில் நேராக வெளியேற்றாமல் ஒரு மீட்டராவது செங்குத்தாக எழுப்பிவிட்டால் இயற்கை இழுவையே புகையைக் கொண்டுபோகும். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் வேண்டும்.

லாபமா என்றால், விலையைப் பொறுத்தது. 2005-ல் புஷல் 2 டாலர் வாக்கில் விற்றபோது இந்த அடுப்புகளுக்கு ஏக கிராக்கி. வாஷிங்டனை ஒட்டிய டக்கோமா பார்க் நகரில்கூட, எரிக்கிற சோளத்தைச் சேமிக்க ஒரு கூட்டுறவு களஞ்சியம் எழுப்பினார்கள். 2008-லும், வறட்சி வந்த 2012-லும் சோளம் 7 டாலரைத் தாண்டியதும் ஆர்வம் ஆறிப்போனது. உணவுத் தானியத்தை எரிக்கலாமா என்ற கேள்விக்கு அங்கே சொல்லும் பதில், இதே சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகி வண்டிகளில் எரிகிறது என்பது. ஒரு புஷலில் கிடைப்பது 10 லிட்டர் சொச்சம் எத்தனால். தீவனத்துக்குப் போகும் சக்கை தனியாக மிஞ்சினாலும், வெப்பத்தை மட்டும் பார்த்தால் அடுப்பில் போடுவதே அதிகம் தரும்.

வசந்தத்தில் அடுப்பை அணைக்கும்போது, கடைசி மூட்டையாக மரப் பெல்லட்டை ஓட்டி, திருகுத்தண்டிலிருந்து சோளத்தைத் துப்புரவாக வெளியேற்ற வேண்டும். மிஞ்சிய மணி கோடை ஈரத்தில் ஊதிப் பூத்து, தண்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். சோளச்சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அதனால் பரிமாற்றிக் குழாய்கள், ஊதியின் இறக்கைகள், புகைக்குழாயின் அடிமுழங்கை மூன்றையும் தூரிகை போட்டுச் சுரண்டி, வெளிக்காற்றுக் குழாயின் வாயை அடைத்துவிட வேண்டும். சுரண்டிய சாம்பலில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இருப்பதால் அதைத் தோட்டத்தில் மெல்லிதாகத் தூவிவிடலாம்.