சராசரியைக் கண்டு ஏமாறாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சென்ற வாரம் இறுதியாண்டுத் திட்டப்பணிகளை மதிப்பிடப் போயிருந்தேன். ஓடும் ரயிலில் 5ஜி சிக்னலைக் கிராபிக்ஸ் செயலி (ஜிபியு எனும் கணினிச் சில்லு) கொண்டு நிகழ்நேரத்தில், அதாவது வர வர உடனுக்குடன், பிரித்தெடுப்பதாக ஒரு குழு வந்தது. இதே தலைப்பில் இந்த ஆண்டு நான் பார்க்கும் நான்காவது குழு. நான்கிலும் ஒரே தவறு. 5ஜி சிக்னல் ஸ்லாட் எனும் சிறு காலத் துண்டுகளாக வருகிறது. அப்படி 100 ஸ்லாட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் கணக்கிடுகிறார்கள், ஆன நேரத்தை நூறால் வகுத்து, "ஒரு ஸ்லாட்டுக்கு 0.1 மில்லி விநாடிதான் ஐயா" என்கிறார்கள்.

நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்குச் சோறு வடிப்பது ஒரு திறமை. இலை முன்னால் உட்கார்ந்தவருக்குக் காலத்தில் சோறு வருவது வேறு திறமை. முந்நூறு பேர் சேர்ந்த பிறகுதான் பரிமாறுவோம் என்றால் முதலில் வந்தவர் எழுந்து போய்விடுவார். மொத்தச் சமையல் நேரத்தை ஆள்கணக்கால் வகுத்து, "உங்களுக்கு நான்கு விநாடிதான் ஆனது" என்று அவரிடம் சொல்ல முடியுமா? கிராபிக்ஸ் செயலி பெரிய அண்டா. அது வேகமானது என்பதாலேயே நிகழ்நேரம் ஆகிவிடாது.

கணக்கைப் பாருங்கள். 5ஜியின் துணை அலைகளுக்கு இடையே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் ஒரு ஸ்லாட் அரை மில்லி விநாடி. நூறு சேர 50 மில்லி விநாடி. பல்லவன் ரயில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓடினால் அதற்குள் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் நீளமோ எட்டரை சென்டிமீட்டர்தான்! ஓர் அலைநீளம் நகர்வதற்குள்ளேயே சேனல், அதாவது டவரிலிருந்து சிக்னல் வந்துசேரும் வானொலிப் பாதையின் தன்மை, மாறிவிடும். முதல் ஸ்லாட்டுக்கான பதில் போகும்போது அந்தச் சேனலே இல்லை. பதில் வராததால் டவர் அதையே மறுபடி அனுப்பத் தொடங்கியிருக்கும்.

முடியாத காரியம் என்று சொல்லவில்லை. சில்லு நிறுவனமான என்விடியாவின் ஏரியல் மென்பொருள் தொகுப்பு 5ஜி நிலையத்தின் முதல் அடுக்கையே, அதாவது சிக்னலைக் கையாளும் அடிப்படைப் பகுதியையே, கிராபிக்ஸ் செயலியில் ஓட்டுகிறது.

ஆகவே ஸ்லாட் வந்ததும் எடுத்துக் கணக்கிடுங்கள். நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கிப் பூட்டிவையுங்கள். ஓட்டத்தின் நடுவே ஒதுக்காதீர்கள். திரையை இயக்கும் அதே செயலியில் சோதிக்காதீர்கள். சராசரி வேண்டாம், ஒரு லட்சம் ஸ்லாட்டுகளில் மிகத் தாமதமான ஒன்று எவ்வளவு பிடித்தது என்று காட்டுங்கள். அதையும் கருவியை ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளந்து காட்டுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள ஆய்வகத்தில் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதை இரண்டு குழுக்கள் கவனிக்கவே இல்லை.

மேசைமேல் அசையாத இரண்டு ஆண்டெனாக்களில் டாப்ளர் விலகல் (நகர்வதால் அலையின் அதிர்வெண் மாறுவது) கிடையாது. ரயிலில் அது 350 ஹெர்ட்ஸைத் தாண்டும். 5ஜி தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தரும் சேனல் மாதிரிகளை மென்பொருளில் புகுத்திச் சோதியுங்கள், பிள்ளைகளே. அதை விட்டுவிட்டு, உண்மையான ரயிலில் சோதிக்கிறோம் என்று டவர்களின் அலைவரிசையில் சொந்தக் கருவியால் சிக்னல் அனுப்பிவிடாதீர்கள். உரிமமின்றி அனுப்புவது குற்றம். பக்கத்துப் பெட்டியில் அவசரமாகப் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பும் அறுந்துபோகும்.