வலைக்குடம்: ‘ஹப்’ எப்படி மையமானது?

“செயலற்ற மையத்துக்கு மின்சாரம் தேவையில்லை.”

கணினி வலையமைப்புப் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் இப்படி ஒரு வரி. செத்துப்போன மையத்துக்கு மின்சாரம் எதற்கு, சரிதானே என்று நானும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அரைப்பக்கம் தாண்டிய பிறகுதான் உறைத்தது: அது ‘பாசிவ் ஹப்’. கணினிகளின் கம்பிகள் வந்து சேரும் பெட்டிதான் ஹப்; இது அதில் ஒரு வகை. வருகிற குறிகையை (சிக்னலை) வலுவூட்டாமல் அப்படியே மற்ற கம்பிகளுக்குக் கடத்திவிடும் எளிய பெட்டி. அதற்கு ஒரு பழுதும் இல்லை. அதன் வேலையே அவ்வளவுதான். பழுதைத் தேடுகிறவன் கையில் இருக்கும் நூல், நன்றாக இருக்கும் கருவியைச் ‘செயலற்றது’ என்கிறது. ஹப் என்றால் மையம் என்ற இந்தக் கணக்கை இதுவரை பொறுத்தாயிற்று, இனி முடியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஹப்’ என்பது வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டை. 17ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஊருக்கும் தொழிலுக்கும் நடுநாயகமான இடம் என்ற பொருள் பின்னால் ஏறியது. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈத்தர்நெட் முறையில் 1990இல் 10பேஸ்-டி என்ற தரம் வந்தபோது, ஒவ்வொரு கணினியிலிருந்தும் 100 மீட்டருக்கு மிகாத ஒரு முறுக்குக்கம்பி ஒரே பெட்டிக்கு வந்து சேரும் அமைப்பு பரவலானது. படம் வரைந்தால் சக்கரம் போலவே இருக்கும். பெட்டிக்குப் பெயர் ஹப்.

அந்த நடுக்கட்டைக்குத் தமிழில் பெயர் இல்லையா என்ன? வண்டி செய்யும் தச்சரைக் கேட்டால் குடம், ஆரக்கால், வட்டை, அச்சு என்று மூச்சுவிடாமல் சொல்வார். வண்டிக்குடம்தான் ஹப். அதற்கும் முன்னால் போனால் சிறுபாணாற்றுப்படையில் ‘நோன்குறடு’ இருக்கிறது. ஆரக்கால்கள் சூழ்ந்த, உறுதியான நடுக்கட்டை. பழமைப் பற்றாளர்கள் குறட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் கம்பி நுனியில் செருகியை நசுக்கிப் பொருத்துகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு குறடு இருக்கிறது. “குறட்டை எடுத்துக் குறட்டைப் பார்” என்று யாரும் சொல்ல வேண்டியிராத வரைக்கும் நல்லது.

இப்போது மையத்துக்கு வருவோம். அது வடமொழி ‘மத்ய’த்தின் திரிபா, தமிழே தானா என்று ஒரு வழக்கு உண்டு. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. தனித்தமிழாகவே இருந்தாலும் இங்கே அது தப்பான சொல். தமிழில் மையம் என்றால் ஒன்று நடுப்புள்ளி, இல்லாவிட்டால் ஓர் அலுவலகம்: தேர்வு மையம், தரவு மையம், சேவை மையம். “மையத்தை அணைத்து மீண்டும் இயக்கவும்” என்று எழுதினால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் எதை அணைப்பார்? “மையத்திலுள்ள விளக்கு எரிகிறதா?” என்றால் பெட்டியின் நட்டநடுவில் விளக்கைத் தேடுவார்.

அடைமொழி சேரும்போது கூத்து இன்னும் முற்றுகிறது. எஸ்.என்.எம்.பி. என்ற வலைக்கண்காணிப்பு நெறிமுறை வழியாகத் தொலைவிலிருந்தே நாம் கண்காணிக்கக்கூடிய வகை ஒன்று உண்டு, ‘மேனேஜ்டு ஹப்’. அது ‘மேலாண்மை மையம்’ ஆகிவிட்டது. ஆளப்படுவது ஆளும் இடமாகிவிட்டது! தகவலை உரியவருக்கு மட்டும் திருப்பிவிடும் ‘ஸ்விட்சிங் ஹப்’ என்பது ‘மாற்று மையம்’. படிப்பவர் இந்த மையம் கெட்டால் போக வேண்டிய வேறொரு மையம் என்று எடுத்துக்கொள்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. ‘இன்டெலிஜென்ட் ஹப்’ நுண்ணறிவு மையமாகி ஆராய்ச்சிக்கூடம் போல நிற்கிறது.

இவற்றையெல்லாம் விட மோசம், மையம் என்ற சொல் இல்லாத அதிகாரத்தை அந்தப் பெட்டிக்குக் கொடுப்பது. சாதாரண ஹப்புக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கு வந்த தகவல், யார் அனுப்பியது என்று பார்க்காது. ஒரு துறையில் (கம்பி செருகும் வாய், ‘போர்ட்’) வந்ததை மற்ற எல்லாத் துறைகளிலும் கொட்டும். பல வாய் கொண்ட மறுபரப்பி (ரிப்பீட்டர்), அவ்வளவே. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம்; இருவர் சேர்ந்து பேசினால் மோதல், இருவரும் சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும். சிலர் பரிந்துரைக்கும் ‘குவியம்’ இதனாலேயே அடிபடுகிறது. குவியத்தில் ஒளி வந்து கூடும். ஹப்போ வந்ததைச் சிதறடிக்கிறது.

குடம் என்று சொல்லிப் பாருங்கள், பழுதின் போக்கே புரிந்துவிடும். ஓர் ஆரக்கால் ஆடினால் சக்கரம் முழுவதும் ஆடும். அதேபோல ஒரு கணினியின் வலையட்டை (நெட்வொர்க் கார்டு) கெட்டு ஓயாமல் உளறத் தொடங்கினால் எல்லோருக்கும் வலை மந்தமாகும். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் பெட்டியின் மோதல் விளக்கு அடங்குகிறது என்று பார்ப்பதே பழைய வைத்தியம். நொடிக்கு 10 மெகாபிட் வேகப் பெட்டிகளில் ஒரு துறையில் தொடர்ந்து 30க்கு மேல் மோதல் நேர்ந்தால் பெட்டியே அந்தத் துறையை ஒதுக்கிவைத்துவிடும். (ஆங்கிலத்தில் ‘பார்ட்டிஷன்’. இதைப் ‘பிரிவினை’ என்று பெயர்த்தவரும் இருக்கிறார். துறை என்ன, சொத்துக்கு வழக்கா போட்டது?) ஒரே கம்பியின் இரு நுனிகளையும் தெரியாமல் ஒரே பெட்டியில் செருகிவிட்டால் கொட்டியதே திரும்பி வந்து மோதும், வலை மொத்தமாக முடங்கலாம். மையம் என்று நினைத்தவர் பெட்டியில் ‘அமைப்பு’களை (செட்டிங்ஸ்) தேடுவார். குடம் என்று அறிந்தவர் ஆரக்காலைத் தட்டிப் பார்ப்பார்.

குடம் என்றால் தண்ணீர்க் குடம் நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும். துப்பாக்கியில் குதிரை இருக்கிறது, ஊசியில் காது இருக்கிறது, யாரும் குழம்பவில்லை. வண்டிக்குடம் போல வலைக்குடம் என்று சேர்த்தே சொன்னால் போதும். மேலாளத்தக்க வலைக்குடம், மின்வேண்டா வலைக்குடம் என்று அடைமொழியும் தலைகீழாகாமல் நிற்கும். பேச்சில் ஹப் என்றே சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. எழுத்தில் தமிழ் என்ற பேரில் பொய் சொல்வதுதான் பிடிக்கவில்லை. அகராதியின் முதல் பொருளைக் கிள்ளி ஒட்டிவிட்டு, கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணமும் எட்டிப் பார்க்காத மொழிபெயர்ப்புக்கு நான் ஆயிரம் முறை ‘ஹப்’பை விரும்புவேன். ‘போர்ட்’டைத் துறைமுகம் என்று எழுதிய கையும் இதே வகைதான்.

ஹப்பே ஒழிந்துவிட்டதே, இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான், தகவலை உரிய துறைக்கு மட்டும் அனுப்பும் ஸ்விட்ச் மலிந்ததும் அது ஓரங்கட்டப்பட்டது, 2011இல் ஈத்தர்நெட்டுக்கான ஐ.இ.இ.இ. 802.3 தரமும் இத்தகைய மறுபரப்பிகளைப் புதிய வலைகளில் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் பாடநூலில் அது இன்னும் மையமாகவே உட்கார்ந்திருக்கிறது. விமானங்கள் வந்து கூடிப் பிரியும் ஊரை மையம் என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். அங்கே அது பொருந்துகிறது. மேசைமேல் நாலு வாயோடு கிடக்கும் யுஎஸ்பி பெட்டியைப் போன வாரம் ஒருவர் ‘யுஎஸ்பி மையம்’ என்றார். எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.