நாலு கோடும் நிக்குது, நெற் மட்டும் இல்லை

"தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போ. போன் எல்லாம் வடிவா வேலை செய்யுது. இந்தக் கொம்பியூட்டர்தான் பின்னேரமானால் சண்டித்தனம் பண்ணுது" என்று பெரியம்மா கொண்டாவிலிலிருந்து கூப்பிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு தினமும் இரவு ஏழரைக்குப் பேசுவார்கள். அங்கே அப்போது காலை. பேச்சுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மகளின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்துவிடும். குரல் துண்டு துண்டாக வரும். அப்புறம் எல்லாமே அறுந்துவிடும். ஆனால் திரையின் மூலையில் வைஃபை அடையாளம் மட்டும் நிறைந்தபடி நிற்கும். பெரியம்மாவுக்கு அதுதான் பெரிய எரிச்சல்: "நாலு கோடும் நிக்குதே!"

இணைப்புத் தந்த கம்பனிக்குப் பெரியப்பா மூன்று முறை போன் அடித்திருந்தார். மூன்று முறையும் ஒரே பதில்: ரவுட்டரை நிப்பாட்டி, பத்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அவரும் போட்டார். சில நாள் சரிவந்தது, சில நாள் வரவில்லை. இந்த வைத்தியத்தை நாம் எல்லோரும் செய்கிறோம், அது ஏன் பலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பல ரவுட்டர்கள் எழும்பும்போது சுற்றிவரக் காதுகொடுத்து, சந்தடி குறைந்த அலைவழியை (சனலை) பார்த்துத் தேர்ந்துகொள்ளும். நிப்பாட்டிப் போட்டால் அந்தத் தேர்வு மறுபடி நடக்கும். ஒருவகைச் சீட்டுக் குலுக்கல்தான். நல்ல சீட்டு விழுந்தால் இரண்டு நாள் நிம்மதி.

நான் போனதும் முதலில் செய்த வேலை பாதையை வெட்டிப் பார்ப்பது. "நெற் இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்தப் பாதையில் குறைந்தது மூன்று துண்டுகள் இருக்கின்றன. கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து வெளியே கம்பனியின் கோபுரமோ பைபர் வயரோ வரை இன்னொன்று, அதற்கப்பால் கடல் தாண்டிப் போகும் பெருவழி மூன்றாவது. பெரியம்மா வீட்டில் இருப்பது சிம் போடும் 4ஜி ரவுட்டர். இந்தப் பெட்டிக்குள் இரண்டு வானொலிகள் இருக்கின்றன. ஒன்று வெளியே கோபுரத்தோடு பேசும், மற்றது வீட்டுக்குள் நம்மோடு பேசும். கோபுரச் சிக்னலுக்காக நாங்கள் அதை முன் விறாந்தை யன்னலடியில் கொண்டுபோய் வைக்கிறோம். வெளிப்பேச்சு நன்றாகிறது, உட்பேச்சு மெலிகிறது. எந்தப் பேச்சு கெட்டது என்று தெரியாமல் கம்பனியைத் திட்டுவதில் பலனில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சதம் செலவில்லாத வழி பிங். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, பக்கத்தில் ரவுட்டரின் இலக்கத்தைப் போடவேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆகவோ 192.168.8.1 ஆகவோ இருக்கும். சரியான இலக்கம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். கணினி ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று சொல்லும். இந்தச் செய்தி வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. ஆகவே இங்கே தாமதம் வந்தால் கோளாறு வீட்டுக்குள்தான்.

பின்னேரம் ஐந்து மணிக்கு 2, 3, 2, 4 என்று அழகாக ஓடியது. ஏழரை தாண்டியதும் 3, 190, 640, அப்புறம் பதிலே இல்லை, மறுபடி 1,200. கம்பனி தப்பிவிட்டது. அதே மேசையில் என் போனை வைத்து மகளைக் கூப்பிட்டோம், படம் கண்ணாடிபோல வந்தது. ரவுட்டரும் தப்பிவிட்டது. மிச்சம் இருந்தது கணினி மட்டும்.

அப்படிப்பட்ட ஒரு சின்னச் செய்திப் பொட்டலம் போய்ச் சேர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? வயரில் ஓடும் செய்திக்குத் தனிப்பாதை உண்டு. வைஃபைக்கு இருப்பது பொதுவெளி, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். அதனால் ஒவ்வொரு கருவியும் பேசுமுன் காதுகொடுக்கிறது. யாராவது பேசினால் பொறுக்கிறது. ஓய்ந்ததும் உடனே பாயாமல், தற்செயலாக ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பேசுகிறது. கேட்டவர் "ஓம், கிடைத்தது" என்று உடனே பதில் சொல்லவேண்டும். அந்த "ஓம்" வராவிட்டால் மறுபடி அனுப்பும், இம்முறை இன்னும் நீண்ட இடைவெளி விட்டு. அப்படியும் சரிவராவிட்டால் வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பார்க்கும். ஒரே வரியை ஏழெட்டு முறை சொல்லியும் கேட்கவில்லை என்றால் கைவிட்டுவிடும். 640 என்ற இலக்கத்துக்குள் இத்தனை பாடும் இருக்கிறது.

நல்லூர்த் தேர் அன்று வீதியில் நின்று பக்கத்திலிருப்பவரோடு பேசிப்பாருங்கள். உங்கள் குரல் வீட்டில் பேசுவதைவிடச் சத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் "என்ன? என்ன?" என்றுதான் அவர் கேட்பார். பேச்சு விளங்குவதற்குக் குரலின் உரம் மட்டும் போதாது, குரல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் கணக்கு. வைஃபை கோடுகள் காட்டுவது குரலின் உரத்தை மட்டும். இரைச்சல் எவ்வளவு என்று அவை சொல்வதே இல்லை. நாலு கோடும் நின்றும் நெற் இல்லாமல் போவதன் சூட்சுமம் இதுதான்.

இலக்கத்தில் சொன்னால் இன்னும் தெளிவு (பெரியப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அவருக்கு இப்படித்தான் சொல்லவேண்டியிருந்தது). சிக்னலை டிபிஎம் என்ற அளவில் எண்ணுவார்கள். ஒரு மில்லிவாட் என்றால் 0. பத்துப் பத்தாகக் குறையும்போது வலு ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றாகிறது. வீட்டு ரவுட்டர் சுமார் 100 மில்லிவாட்டில் பேசும், அது +20. கணினிக்கு வந்துசேரும்போது −50 இருந்தால் நல்ல சிக்னல், கோடு எல்லாம் நிறைந்துவிடும். புறப்பட்டதில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது, ஆனாலும் தாராளம், ஏனென்றால் அமைதியான வீட்டில் இரைச்சல் −95 அளவில் தரையோடு கிடக்கும். இடைவெளி 45. இப்போது எதுவோ ஒன்று இரைச்சலை −65க்கு உயர்த்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் அதே −50, கோடுகள் அப்படியே, இடைவெளி மட்டும் 15. வீடியோ கோல் அவ்வளவுதான்.

அந்த "எதுவோ ஒன்று" எது? முதலில் சுவரைச் சந்தேகித்தேன். யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரைச் சந்தேகிக்காமல் இருக்கமுடியாது. பெரியம்மா வீட்டின் முன்பாதி அவருடைய தகப்பனார் காலத்தது: சுண்ணக்கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடித் தடிப்பு. பின்பாதி பிறகு இழுத்துக் கட்டிய சீமெந்துக் கல், மேலே கம்பி நிறைந்த கொங்கிரீட் தட்டு. தடித்த சுவர் ஒன்றைத் தாண்டும்போது அலை பத்தில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ மெலியலாம். மாரியில் சுவர் ஈரம் குடித்துவிட்டால் இன்னும் மோசம், இந்த அலையை நீர் நன்றாக விழுங்கும். இரும்பு அலுமாரி, தகரக் கதவு, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு இவை விழுங்குவதில்லை, திருப்பி அடிக்கும்.

திரும்பி வரும் அலையும் நேரே வரும் அலையும் ஓரிடத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுவதும் உண்டு. வைஃபை பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். அதில் கால்வாசி கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம். "கொஞ்சம் தள்ளி வைத்தேன், சரிவந்துவிட்டது" என்று சொல்பவர்களை நாங்கள் சிரிக்கிறோம், ஆனால் இரண்டு விரல் தள்ளுவது உண்மையிலேயே குழியிலிருந்து மேட்டுக்கு வருவதாக இருக்கலாம். இந்த எதிரொலிக் குழப்பத்தைச் சமாளித்த கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1970களில் ஜோன் ஓசல்லிவன் என்ற ஆஸ்திரேலியர், ஸ்ரீபன் ஹோக்கிங் ஊகித்த சின்னஞ்சிறு கருந்துளைகள் வெடிக்கும் வானொலித் துடிப்பைத் தேடினார். துடிப்பு அகப்படவில்லை. ஆனால் அந்தத் தேடலில், வழியில் கலைந்துபோன சிக்னலைச் சீராக்கப் பழகிய கணிதம் கையில் மிஞ்சியது. ஆஸ்திரேலியாவின் அரச அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் அவருடைய குழு அதை அறைக்குள் எதிரொலிக்கும் அலைகளுக்குப் பயன்படுத்தி, 1996இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. செய்தியை ஒரே ஓட்டமாக அனுப்பாமல் பல மெதுவான இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்புவது அதன் சாரம். இன்றைய வைஃபை ஓர் அலைவழியை ஐம்பதுக்கும் மேற்பட்ட இழைகளாகப் பிரிக்கிறது.

சரி, சுவருக்கு வருவோம். சுவர் காலையிலும் அதே சுவர், இரவிலும் அதே சுவர். ஏழரைக்கு மட்டும் தடிக்காது. அது குற்றவாளி இல்லை.

அடுத்த சந்தேகம் அயலவர். 2.4 கிகாஹேர்ட்ஸைச் சுற்றியுள்ள அலைப் பட்டையில் 13 அலைவழிகள் இருந்தாலும் ஒன்றோடொன்று மேலேறி நிற்பவை. முட்டாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றுதான். ஒழுங்கையில் பத்து வீட்டில் ரவுட்டர் இருந்தால் மூன்று பாயில் பத்துப் பேர் படுத்த மாதிரி. இரவில் எல்லோரும் படம் பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் அதே மேசையில் என் போன் அதே 2.4இல்தான் நின்றது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே.

குசினி மைக்ரோவேவைக் கேட்டேன். அதுவும் 2.45 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்வதுதான். 1985இல் அமெரிக்கா இந்தப் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டதற்கு ஒரு காரணம், மைக்ரோவேவ் போன்ற சாமான்கள் ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்த, வேறு யாரும் விரும்பாத இடம் அது என்பதே. சாதாரண மைக்ரோவேவ் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் இரைந்து பாதி நேரம் ஓய்கிறது. அந்தப் பத்து மில்லிசெக்கன் ஓய்வுக்குள் வைஃபை நுழைந்து தப்பிக்கொள்ளும். எப்படியோ, பெரியம்மா அதில் பால் சூடாக்குவது காலையில் மட்டும். அதுவும் போய்விட்டது.

கடைசியில், கேட்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: ஏழரைக்கு இந்த மேசையில் என்ன நடக்கிறது?

"நான் படங்களைக் கொப்பி பண்ணுறனான்" என்றார் பெரியப்பா. பழைய கலியாணப் படங்களைப் பகல் முழுக்க ஸ்கான் செய்து, இரவு மகளோடு பேசும் நேரத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி அதில் ஏற்றுவாராம். கணினியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கணினிக்கு வைஃபை பிடித்துத் தரும் நகத்தளவு டொங்கிள் ஒரு துளையில், அதற்கு ஒட்டினாற்போல அடுத்த துளையில் ஹார்ட் டிஸ்கின் நீல வாய் வயர்.

நீல வாய் என்றால் யூஎஸ்பி 3. செக்கனுக்கு 500 கோடி பிட்டுகள் அதில் ஓடுகின்றன. அவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் மின்னோட்டம் தானே ஒரு வானொலி மாதிரி. அதன் கசிவு ஒரு புள்ளியில் நிற்காமல் அகலமாகப் பரவும், அந்தப் பரவலுக்குள் 2.4 பட்டை சரியாக அகப்படுகிறது. வாயிலும் வயரிலும் கவசம் சரியில்லாவிட்டால் இரைச்சல் வெளியே வரும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று சென்ரிமீற்றரில் இருக்கும் டொங்கிளுக்கு இது காதுக்குள் பறை. முப்பது சென்ரிமீற்றர் தள்ளினால் தூரம் பத்து மடங்கு, இரைச்சல் நூறில் ஒன்றாகிவிடும். மேசையின் மறுகரையில் கிடந்த என் போன் ஏன் தப்பியது என்பதும் இப்போது விளங்கியது. டொங்கிள் பேசுவது ரவுட்டருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ரவுட்டர் பேசுவதுதான் டொங்கிளுக்குக் கேட்கவில்லை.

வைத்தியம் ஒரு மீற்றர் நீள யூஎஸ்பி நீட்டு வயர். டொங்கிளை அதன் நுனியில் செருகி, கணினியின் இரும்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மேசைக்கு மேலே எடுத்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க் தன் பாட்டில் ஓடியது, பிங் 3, 2, 3 என்றே நின்றது. வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹேர்ட்ஸில் பேசும் டொங்கிள் வாங்கியிருந்தாலும் இந்த இரைச்சலிலிருந்து தப்பியிருக்கலாம். ஆனால் அந்த அலை சுவருக்கு இன்னும் சோம்பேறி, ஒன்றரை அடிச் சுண்ணக்கல்லைத் தாண்டி எவ்வளவு வரும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

போகிற போக்கில் இன்னொரு வேலையும் செய்தேன். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபைக் கருவியை அடிக்கடி தூங்கவைக்கும். டிவைஸ் மனேஜரில் அந்த அனுமதிக்கு இட்ட சரியை எடுத்துவிட்டேன். ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரையும் தொட்டுப் பார்த்தேன். வயதான அடப்டர் வோல்டேஜை நழுவவிட்டால் ரவுட்டர் சொல்லாமல் கொள்ளாமல் செத்து எழும்பும், பலர் அதை நெற் போய்விட்டது என்று நினைப்பார்கள். இது நல்லாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை போனபோது பெரியம்மா தேத்தண்ணியோடு இன்னொரு முறைப்பாடும் தந்தார்: நேற்றிலிருந்து மறுபடி கொஞ்சம் இழுக்கிறதாம். போய்ப் பார்த்தால், மேசையில் வயர் கிடப்பது வடிவில்லை என்று பெரியப்பா டொங்கிளை இரும்பு அலுமாரியின் பக்கத்தில் டேப் ஒட்டி, மறைத்து வைத்திருக்கிறார். கழற்றி, மரக் கதிரையின் முதுகில் கட்டிவிட்டேன். "அதிலை ஆரும் இருக்கக் கூடாதோ?" என்றார். இருக்கலாம், சாயத்தான் கூடாது என்றேன். மனித உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தானே.