கோபத்துக்குச் சாப்பாட்டு நேரம் உண்டா?

ஒரு செய்தித் தளத்தில் ஒன்பது வருடம் வாசகர் கருத்துகளை மட்டுறுத்தும் வேலை பார்த்தேன். கெட்ட வார்த்தையை நீக்குவதுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். கூலிக்குக் கருத்து போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதும் வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒருமுறை, ஓர் ஊரில் குடிநீர்க் குழாய் பதித்ததில் நடந்த குளறுபடி பற்றிச் செய்தி வந்தது. முதல் அரை மணி நேரம் அந்த ஊர்க்காரர்கள் பேசினார்கள். எங்கள் தெருவில் பதினைந்து நாளாகத் தண்ணீர் இல்லை, தோண்டிய பள்ளத்தை மூடவில்லை என்று. அப்புறம் ஒருவர் வந்து சம்பந்தமே இல்லாமல் ஒரு நடிகரை இழுத்தார். இன்னொருவர் போட்டி நடிகரை இழுத்தார். மதியத்துக்குள் நூறைத் தாண்டிவிட்டது. தண்ணீரைப் பற்றிப் பேச ஆள் இல்லை. வழக்கமான ரசிகர் சண்டை என்றுதான் நானும் விட்டிருப்பேன். ஆனால் ஒரு கருத்து இப்படித் தொடங்கியது: “கீழே உள்ள நான்கில் ஒன்று மட்டும். பெயரை மாற்றிப் போடவும்.” வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவை யாரோ அப்படியே ஒட்டிவிட்டார். அந்த நான்கு வரிகளில் இரண்டு, எழுத்துப் பிழை மாறாமல், ஏற்கெனவே மேலே இருந்தன.

கூலிக்குக் கருத்து போடுகிறவர் நம்மோடு வாதாட வருவார் என்று நினைக்கிறோம். வாதாடுவதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதற்கு எதுவும் தெரிய வேண்டாம்.

சீனாவில் இதற்குச் சான்றே கிடைத்தது. ஜியாங்சி மாகாணத்தின் ஜாங்கோங் மாவட்ட இணையப் பிரசார அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் 2014 இறுதியில் கசிந்தன. அவற்றில் அரசு சார்பாக எழுதிப் போட்ட 43,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் படித்த ஹார்வர்டு பேராசிரியர் கேரி கிங் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள் இப்படி வருவதாக மதிப்பிட்டார்கள். இவர்களை ‘ஐம்பது காசுக் கட்சி’ என்று சீனர்கள் கிண்டலடிப்பார்கள், பதிவுக்கு அரை யுவான் கூலி என்ற பேச்சு இருந்ததால். ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். தனியாகக் காசு வாங்கியதற்குச் சான்று இல்லை. விமர்சனத்துக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தியாகிகளைப் போற்றினார்கள், நாட்டை வாழ்த்தினார்கள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

ரஷ்யாவின் பாணி வேறு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சவுஷ்கினா தெரு, 55ஆம் எண் கட்டடம். கூலிக்குக் கருத்து போடும் அலுவலகம் அங்கே இருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அங்கே வேலை பார்த்து வெளியே வந்த ஒருவர் 2015இல் விவரித்தது: மூன்று பேர் ஒரு குழு. முதல் ஆள் வில்லன், அரசைத் திட்டுவார். இரண்டாமவர் மறுத்து ஒரு படம் போடுவார். மூன்றாமவர் ஒரு இணைப்பைக் கொடுத்து முடித்துவைப்பார். திட்டியவரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவருக்கு ஏதோ பட்டிமன்றம் கேட்டுத் தீர்ப்பும் கிடைத்த திருப்தி. எதிர்த்துப் பேசுகிறவர் சொல்லிவைத்தாற்போல் அசட்டுத்தனமாகப் பேசித் தோற்றால், எனக்கு இன்றும் சந்தேகம் வரும்.

தென் கொரியாவில் எழுதக்கூட இல்லை. அந்நாட்டின் பெரிய இணையத் தளமான நேவரில் இருந்த கருத்துகளுக்கு நிரல் வைத்து விருப்பக்குறி போட்டு மேலே ஏற்றினார்கள். 2018இல் அகப்பட்ட அந்த வழக்கில், ஒரு மாகாண ஆளுநரின் 2 ஆண்டுச் சிறைத் தண்டனையை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எனவே முதலில் நிற்கும் கருத்துதான் ஊர்க் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அனுபவத்தில், கருத்தைப் படித்து ஆளைப் பிடித்தது குறைவு. நேரம்தான் காட்டிக்கொடுக்கும். பத்து மணிக்குத் தொடங்கும், ஒன்றரை முதல் இரண்டேகால் வரை நின்றுபோகும், ஆறு மணிக்கு ஓயும், ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இருக்காது. பேரைத் தட்டிப் பழைய பதிவுகளைப் பாருங்கள். ஒரே விஷயத்தைத் தவிர வாழ்க்கையில் வேறொன்றும் பேசாதவர்கள் கண்ணில் படுவார்கள்.

ஆனால் பிடிக்காததைச் சொல்கிறவரையெல்லாம் ‘இருநூறு ரூபாய்’ என்று அடைப்பதும் அபத்தம். காசு வாங்காமலே கட்சிக்காகக் கத்துகிறவர்கள் ஏராளம். ஒரே வரியை எல்லாச் செய்தியிலும் ஒட்டிய ஒருவரை நானே தடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியராம். தட்டச்சு வேகமாக வராததால் அந்த வரியைச் சேமித்து வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

குடிநீர்ச் செய்தியில் தடுத்தவர்களில் ஒரு கல்லூரி மாணவனும் மின்னஞ்சல் அனுப்பினான். “சார், ஒரு நாளைக்கு முப்பது போட்டால்தான் கணக்கு. இன்னும் பதினொன்று பாக்கி.” எந்தச் செய்திக்குக் கீழே போட்டாய் தம்பி என்று கேட்டேன். லிங்க் அனுப்புவார்கள் சார், நேரே கீழே போய்விடுவேன், மேலே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை என்றான். அவன் கையெழுத்துக்குக் கீழே ஊர்ப் பெயர் இருந்தது. அதே ஊர்.