பாயோடு ஒட்டவைக்கும் குளிசை

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்லும் பேச்சு எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. மந்திரத்துக்குப் பேர்போன ஊர் என்ற பயம் பாதி, இங்கே வந்தவர் திரும்பிப் போகமாட்டார் என்ற கேலி பாதி. முப்பது வருடம் இந்த ஊரில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தேன். பாயோடு ஒட்டிய ஒருவரையும் கண்டதில்லை. கடந்த மாதம்தான் ஒருவர் அகப்பட்டார்.

களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியின் அண்ணன் அவர். வாவியில் வலை போடுபவர், விடிய நான்கு மணிக்கெல்லாம் தோணியில் இருப்பவர். மனச்சோர்வு நோய்க்கு ஒன்பது வாரமாகச் செர்ட்ராலின் குளிசை எடுத்துவந்தார். பாதி தேறியிருந்தார். பேச்சு திரும்பியிருந்தது, தூக்கம் திரும்பவில்லை. அளவைக் கூட்டிய பிறகு மீன் ஆணத்தின் மணம் பட்டாலே வயிற்றைப் புரட்டியது. கிளினிக்கில் வைத்தியர் இரவுக்கென்று மிர்டசபின் என்ற இன்னொரு குளிசையைச் சேர்த்தார். மறுநாள் ஒன்பது மணியாகியும் அண்ணன் எழவில்லை. அண்ணி உலுக்கியபோது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பாயிலேயே சாய்ந்துகொண்டார். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அம்மா நூல் கட்டுவிக்கப் போய்விட்டார்.

“சேர், ஒன்று போதாதென்று இரண்டாவதும் கொடுத்துவிட்டார்கள். வருத்தம் முற்றிவிட்டதா?” என்று கேட்டாள் மாணவி. இரண்டும் ஒரே வருத்தத்துக்கான குளிசைதானே, ஒன்றை நிறுத்துங்கள் என்று மருந்துக்கடை ஒன்றில் யாரோ சொன்னாராம். அந்த யாரோவின் மீது எனக்கு வந்த கோபத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டும் ஒரே வருத்தத்துக்கான குளிசைதான். ஆனால் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. இதை விளங்கிக்கொள்ள வாவிக்கரையில் வாழ்பவர்களுக்குப் பெரிய பாடநூல் தேவையில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தொடுவதில்லை; நடுவே சிறு இடைவெளி இருக்கிறது. முதற்கலம் அந்த இடைவெளிக்குள் செரொட்டோனின் போன்ற ஓர் இரசாயனத்தைச் சொரிகிறது, எதிர்க்கரையில் இருக்கும் வாங்கிகள் அதைப் பிடித்துச் செய்தியை அறிகின்றன. வேலை முடிந்ததும் சொரிந்த கலமே மிச்சத்தை உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொள்கிறது. செர்ட்ராலினும் ஃபுளுஒக்செட்டினும் இந்த உறிஞ்சு குழாயை அடைப்பவை. மனச்சோர்வு என்றால் செரொட்டோனின் குறைவு, குளிசை அந்தக் குறையை நிரப்புகிறது என்று சொல்லிவிடுவது எளிது. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்கு உறுதியான சான்று இல்லை என்பது இப்போது தெரியும். தலையிடிக்குப் பனடோல் கேட்கிறது என்பதால் தலையிடி பனடோல் குறைபாடு ஆகிவிடாது. குளிசை பலருக்கு உதவுகிறது. எப்படி என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இனி வாவிக்கு வருவோம். அந்த இடைவெளிதான் வாவி, செரொட்டோனின்தான் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலமீன்மடு முகத்துவாரம் மணல்மூடிக் கிடந்தால் நீர் கடலுக்குப் போகாமல் வாவியில் ஏறும். செர்ட்ராலின் செய்வது இதைத்தான்: முகத்துவாரத்தை அடைக்கிறது. (உவமை இந்த இடத்தில் கொஞ்சம் ஒழுகுகிறது, மூளையில் நீர் கடலுக்குப் போவதில்லை, வந்த குளத்துக்கே திரும்புகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) முதற்குளிசை விழுங்கிய சில மணி நேரத்திலேயே முகத்துவாரம் அடைபட்டுவிடும். அப்படியென்றால் அன்று பின்னேரமே மனம் தெளியவேண்டுமே! ஏன் மூன்று நான்கு கிழமை காத்திருக்கச் சொல்கிறார்கள்?

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள், மூடினார்கள் என்று செய்தி வரும். குளக்கட்டில் நிற்கும் ஒருவர் வாவியின் மட்டத்தையும் பார்த்துக்கொண்டே கதவை இயக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். கீழே நீர் ஏறினால் மேலே கதவை இறக்குவார். செரொட்டோனின் சொரியும் கலங்களின் உடல்கள் மூளைத்தண்டில் கூட்டமாக இருக்கின்றன. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள். அவற்றில் இவை சில இலட்சம் மட்டுமே, ஆனாலும் கிளைகளை மூளை முழுவதும் அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் தன் மேனியிலேயே செரொட்டோனின் வாங்கிகளை வைத்திருக்கிறது, தான் சொரிந்ததைத் தானே அளந்துபார்க்க. சுற்றுப்புறத்தில் செரொட்டோனின் கூடிவிட்டது என்று இந்தத் தன்வாங்கி அறிந்தால், கலம் துடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதாவது குளிசை முகத்துவாரத்தை அடைத்த அன்றே கதவுக்காரர் வான்கதவை இறக்கிவிடுகிறார். வெளியே போவதும் குறைவு, உள்ளே வருவதும் குறைவு. வாவி கிட்டத்தட்ட அப்படியே கிடக்கிறது.

ஆனால் குளிசை நாள்தோறும் தொடர்கிறது. மட்டம் எப்போதும் உயர்ந்தே இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கதவுக்காரருக்குச் சலித்துவிடுகிறது. இரண்டு மூன்று கிழமையில் தன்வாங்கிகள் கூர்மையை இழக்கின்றன. கலத்தின் மேற்பரப்பிலிருந்து சில உள்ளேயே இழுக்கப்பட்டுவிடுகின்றன. எலிகளின் மூளையில் நுண்ணிய மின்முனையை வைத்துப் பார்த்தவர்கள் இதை நேரிலேயே அளந்தார்கள்: மருந்து கொடுத்ததும் கலத்தின் துடிப்பு விழுகிறது, நாட்கள் போகப்போகத் திரும்பி எழுகிறது. கதவு உயர்கிறது, முகத்துவாரமோ அடைந்தே இருக்கிறது. அப்போதுதான் வாவி நிறைகிறது. அதன் பிறகும் கரையில் பயிர் முளைக்கவேண்டும். நரம்புக்கலங்கள் புதுக் கிளைகளை விடும் வேலை அதற்கும் மேல் சில கிழமை எடுக்கலாம்.

கதவுக்காரரின் கண்ணைக் கட்டிவிட்டால் என்ன என்று பார்சலோனாவில் பிரான்செஸ்க் ஆர்டிகாஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் யோசித்தார்கள். குருதி அமுக்கத்துக்குக் கொடுக்கும் பிண்டொலோல் என்ற மருந்து அந்தத் தன்வாங்கியிலும் போய் உட்காரும். 1994 இல் அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது குணம் விரைவாகத் தெரிந்தது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. முதல் இரண்டு கிழமையில் சிலவற்றில் வித்தியாசம், பிறகு இரு பக்கமும் சமம். இருந்தாலும் ஒரு கேள்வியை இத்தனை அழகாகக் கேட்ட பரிசோதனை எனக்கு அதிகம் நினைவில் இல்லை.

அண்ணனின் இரண்டாவது குளிசை வேறொரு கதவைத் தொடுகிறது. செரொட்டோனின் கலங்களின் நுனியில், நோர்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு இரசாயனத்துக்கென்றும் ஒரு தடுப்பு வாங்கி உண்டு. பக்கத்து ஊர்க் கதவுக்காரர் என்று சொல்லலாம். அவர் கை காட்டினாலும் சொரிவது நிற்கும். மிர்டசபின் அவரை மறைத்து நிற்கிறது. ஒரு குளிசை முகத்துவாரத்தில், மற்றது குளக்கட்டில். வைத்தியர்கள் இந்தச் சோடியைத் தேர்ந்தெடுப்பதன் பின்னாலுள்ள நியாயம் இது. ஒரே வகைக் குளிசை இரண்டைச் சேர்ப்பது முகத்துவாரத்தின் மேல் இன்னொரு கூடை மண் கொட்டுவது போல. நீர் மேலும் ஏறாது, தொல்லைதான் ஏறும்.

பக்கவிளைவுக்கும் இதே பாடம்தான். உடலில் உள்ள செரொட்டோனினில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில் இருக்கிறது. குளிசைக்கு மூளை எது குடல் எது என்று தெரியாது. குடலின் மூன்றாம் வகைச் செரொட்டோனின் வாங்கிகள் தூண்டப்பட்டால் குமட்டல் வரும். அதற்கு மூன்று கிழமைத் தாமதம் கிடையாது. நன்மை பிந்தி வர, தொல்லை முந்தி வருவதன் காரணம் இந்த நேர வித்தியாசம்தான். பலர் இரண்டாம் கிழமையில் குளிசையை வாவியில் எறிந்துவிடுவதும் இதனால்தான். நானும் ஒருகாலம் செர்ட்ராலின் எடுத்தவன். முதற்கிழமை கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் வயிறு தனியாக ஒரு பாலம் கடக்கும். வகுப்பில் கொட்டாவி மேல் கொட்டாவி. வெறுவயிற்றில் எடுப்பதை விட்டு, காலைப் பிட்டோடு எடுக்கத் தொடங்கியபின் தணிந்தது. பத்தாம் நாள் மறந்தே போனேன்.

மிர்டசபின் குடலின் அந்த மூன்றாம் வகை வாங்கியையும் மூடுகிறது. புற்றுநோய் மருந்தேற்றும்போது வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஒண்டன்செட்ரோன் மூடுவதும் அதே வாங்கிதான். முதற்குளிசை கிளறிய குமட்டலை இரண்டாவது அமர்த்துகிறது. அண்ணனுக்கு மூன்றாம் நாளே மீன் ஆணம் மணத்தது. இன்னொரு பக்கம் அது இஸ்டமின் என்ற வேறோர் இரசாயனத்தின் வாங்கியை அடைக்கிறது, தடிமனுக்குப் பிரிட்டோன் குளிசை எடுத்தவர்களுக்கு அந்தத் தூக்கம் தெரிந்திருக்கும். பாயோடு ஒட்டவைத்த மந்திரம் அதுதான். அதே அடைப்பு பசியையும் கிளப்பும். எருமைத் தயிரும் பாணியும் இரண்டாம் கோப்பை கேட்கத் தொடங்கினால் இது நினைவுக்கு வரட்டும். எடை மெதுவாக ஏறும், கிளினிக்கில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு அழகான நியாயம் நடைமுறையில் வெல்கிறதா? 2018 இல் பிரித்தானியாவில் 480 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. முதற்குளிசையில் தேறாதவர்களில் ஒரு பகுதியினருக்கு மிர்டசபினும் மற்றப் பகுதியினருக்கு வெற்றுக் குளிசையும் சேர்த்தார்கள். பன்னிரண்டு கிழமையின் முடிவில் சொல்லிக்கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை, பக்கவிளைவுதான் கூட. 2022 இல் 39 ஆய்வுகளை, 6,751 நோயாளிகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்களோ சேர்க்கை ஒற்றைக் குளிசையை வென்றது, அதிலும் இந்தச் சோடி நன்றாகவே வென்றது என்றார்கள். நான் படித்த அளவில், சிறு ஆய்வுகள் நல்ல முடிவு வந்தால் மட்டும் அச்சேறும் பழக்கம் இரண்டாவது கணக்கைச் சற்று ஊதியிருக்கிறது. ஆனாலும் சிலருக்கு இது மெய்யாகவே கேட்கிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பரீட்சித்துப் பார்த்து, ஆறு எட்டுக் கிழமையில் பலனில்லை என்றால் ஒன்றைக் கழற்றுவதுதான் முறை.

பிரித்தானிய ஆய்வு பொதுப் பணத்தில் நடந்தது. காப்புரிமை காலாவதியான இரு மலிவுக் குளிசைகளைச் சேர்த்துப் பரீட்சிக்க எந்தக் கம்பனியும் சல்லிக்காசு செலவழிக்காது. செர்ட்ராலினை உடைக்கும் ஈரல் நொதியங்களில் முக்கியமான ஒன்று மந்தமாக இயங்குவோர் ஐரோப்பாவைவிடத் தெற்காசியாவில் அதிகம் என்று தெரிந்திருக்கிறது. அப்படியானவருக்கு அதே அளவு குளிசை கூடுதலாகத் தேங்கும். இதை எங்கள் ஆட்களில் அளந்துபார்க்கப் பணம் கேட்டால் கிடைக்காது. பணம் இல்லாத நாடு என்பார்கள். சுற்றுமதில்களுக்கும் வரவேற்பு வளைவுகளுக்கும் இருந்த பணம்தான்.

வைத்தியர் யோசித்துச் சேர்க்கும் சோடியைவிட, யாரும் யோசிக்காமல் சேர்ந்துவிடும் சோடிதான் எனக்குப் பயம். கல்முனையில் ஒருவர் ஃபுளுஒக்செட்டின் எழுதுகிறார். கால் எரிவுக்கு மட்டக்களப்பில் இன்னொருவர் அமிட்ரிப்டிலின் எழுதுகிறார். முதலாவது, இரண்டாவதை உடைக்கும் நொதியத்தை முடக்கிவிடும். சிறு அளவு அமிட்ரிப்டிலின் குருதியில் பலமடங்காகி வாய் உலர்ந்து, சிறுநீர் தடைப்பட்டு, இதயத் துடிப்பே குழம்பலாம். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக்கும் சும்மா இருப்பதில்லை. குருதிச் சிறுதட்டுகள் தமக்கு வேண்டிய செரொட்டோனினை அதே உறிஞ்சு குழாயால்தான் எடுக்கின்றன. குழாய் அடைபட்டால் அவை வெறுங்கையோடு திரியும், இரைப்பையில் புண் இருந்தால் குருதி உறைவது பிந்தும். டிரமடோல் நோக்குளிசையும் சில இருமல் பாணிகளும் செரொட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றக்கூடும். கை கால் உதறல், வியர்வை, வயிற்றோட்டம், காய்ச்சல், தடுமாற்றம் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. வயதானவர்கள், அதிலும் சிறுநீரைக் கூட்டும் குளிசை எடுப்பவர்கள், முதற்கிழமைகளில் குழம்பிப் பேசினால் குருதியில் சோடியம் விழுந்திருக்கலாம். மிர்டசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டை நோ வந்தால் குருதிப் பரிசோதனை வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களை முதற்கிழமைகளில் தனியே விடாதீர்கள். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் இலங்கையில் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இரவு பகல் எடுபடும்.

நூல் கட்டுவதையோ கோயிலில் கட்டுக் கேட்பதையோ நான் தடுப்பதில்லை. நூல் எந்த நொதியத்தையும் தொடாது. பெயர் சொல்லாத சூரணத்தைக் கொடுத்து, குளிசையை இன்றே நிறுத்து என்பவரைத்தான் மன்னிக்க முடியாது. திடீரென்று நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு, தலைச்சுற்று, எரிச்சல் எல்லாம் வரலாம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசை கிடைக்காமல் இதை அனுபவித்த ஒருவரை எனக்கே தெரியும். ஃபுளுஒக்செட்டின் மட்டும் உடலைவிட்டுப் போக வாரக்கணக்கில் எடுப்பதால் தானே மெல்ல இறங்கும்.

அண்ணனின் பாய்க் கதைக்குத் தீர்வு சின்னது. வலை பொத்திவிட்டு இரவு பதினொரு மணிக்கு அவர் மிர்டசபினை விழுங்கியிருக்கிறார். எட்டு மணிக்கு மாற்றச் சொன்னார் வைத்தியர். முதல் இரண்டு கிழமை தோணியில் தனியே போகவும் வேண்டாம் என்றார். ஐந்தாம் நாள் நாலரைக்கு எழுந்தார். அம்மா கட்டிய நூலும் கையில் இருக்கிறது.

இன்னொன்று உண்டு, கிளினிக் வரிசையில் ஆண்கள் வாய் திறக்காத ஒன்று. செர்ட்ராலின் வகைக் குளிசைகள் தாம்பத்திய உறவில் ஆசையைக் குறைக்கும், முடிவைப் பிந்தவைக்கும். இது அபூர்வமல்ல, மிகச் சாதாரணம். குளிசையை மாற்றியோ அளவைக் குறைத்தோ சீர்செய்யக்கூடியது. தாதியும் பத்துப் பேரும் நிற்கும் இடத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி நீட்டச் சொன்னேன். அடுத்த தவணைக்குமுன் மாணவி கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். எடை பற்றி ஒன்று, எத்தனை மாதம் தொடரவேண்டும் என்று ஒன்று, இரண்டும் அவளுடைய எழுத்து. கீழே அண்ணனின் எழுத்தில் மூன்றாவது ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு கடதாசியை மடித்து ஒட்டியிருந்தார்.